நத்தைக்கு ஒரு குப்பி

பதினெட்டு வெண்டைச் செடிகளில் பதினொன்றுக்குத் தலை இல்லை. முந்தின நாள் ரீத்தா பார்த்தபோது ஆறுக்குத்தான் இல்லாமல் இருந்தது.

மிச்சமிருந்த ஏழில் ஒன்றின் உச்சியில், குழந்தையின் கைமுட்டி அளவில் ஒரு நத்தை உட்கார்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் கடைசி இலையைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏசுவே!" என்றாள் ரீத்தா.

அதைத் தொட்டு எடுக்க அவளால் முடியாது. பாம்பைக் கம்பால் அடித்திருக்கிறாள். மீன் சந்தையில் உயிரோடு துள்ளும் விலாங்கைக் கழுத்தில் பிடித்துக் கூடைக்குள் போட்டிருக்கிறாள். நத்தை மட்டும் ஆகாது. அந்தக் கொழகொழப்பை நினைத்தாலே முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

"ஒரு டப்பா மருந்து வாங்கிப் போடு ரீத்தா," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இசபெல். "குருணை மாதிரி இருக்கும். ஒரே நாள்ல எல்லாம் சுருண்டு கெடக்கும். நான் அதாக்கும் போடுதேன்."

"எனக்க தோட்டத்துல விஷம் கெடையாது."

"பின்ன நத்தைக்கு சோறு போட்டு வளத்து."

ரீத்தா அப்படிச் சொன்னது வீம்புக்காக அல்ல. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் கணவன் ததேயுசின் ஈரல் படத்தைப் பார்த்த நாகர்கோவில் டாக்டர், "இனி ஒரு சொட்டு போனாலும் நான் பொறுப்பில்ல," என்று சொல்லிவிட்டார். குளச்சலில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்த ததேயுஸ், மறுவாழ்வு மையத்தில் இரண்டு மாதம் கிடந்து எழுந்து வந்தார். அதற்குப்பின் குடியைத் தொடவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை, வீடு, கோயில் என்று இருந்தார்.

அவர் வீடு திரும்பிய அன்று ரீத்தா மாதா சொரூபத்தின் முன்னால் ஒரு பொருத்தனை வைத்தாள். இந்த உடம்புக்குள் இனி விஷம் போகாது. குப்பி வழியாகவும் போகாது, காய் வழியாகவும் போகாது. அன்றைக்குத் தொடங்கியதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஆறு சென்ட் தோட்டம்.

அத்தோடு நிற்கவில்லை. பங்குக் கோயிலின் மதுவிலக்குக் குழுவுக்குத் தலைவியானாள். எண்பது பெண்களைத் திரட்டி முக்குச் சாலையில் உட்கார்ந்து, அங்கிருந்த மதுக்கடையை நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போக வைத்தாள். அவள் ஜெபமாலையோடு நடந்துவருவதைக் கண்டால், ஒன்றும் குடிக்காதவர்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இப்போது நத்தை அடங்கவில்லை.

முதலில் உப்பு. செடிகளைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கல்லுப்பைக் கொட்டினாள். உப்பைத் தாண்டி நத்தை வராது என்று யாரோ சொன்னது உண்மைதான். ஆனால் அன்றைக்குப் பெய்த மழையில் உப்பு கரைந்து வேரில் இறங்கியது. மூன்றாம் நாள் கீரைப் பாத்தி முழுவதும் வெந்துபோனது. உப்புக் கீரை பிடிக்காத நத்தைகள் பயற்றுக்கு மாறிக்கொண்டன.

அடுத்தது தோட்டக்கலை அலுவலகத்தில் இருந்த பெபிஷா. ரீத்தாவுக்கு விதை கொடுத்த பெண். போனில் கேட்டதும் உற்சாகமாகச் சொன்னாள்.

"ஒரு சாக்க நல்லா நனைச்சு விரிங்க அக்கா. அதுக்க அடியில பப்பாளி இலைய வையுங்க. விடிஞ்ச ஒடனே தூக்கிப் பாத்தா எல்லா நத்தையும் அடியில கூடிக் கெடக்கும். பெறக்கி உப்புத் தண்ணி வாளிக்குள்ள போட்டுருங்க."

"பெறக்கவா? கையாலயா?"

"கையுறை போட்டுக்கிடுங்க."

"மக்கா, இரும்புல கையுறை தச்சுத் தந்தாலும் நான் தொட மாட்டேன். தொடாம ஒரு வழி சொல்லு."

பெபிஷா சற்றுத் தயங்கினாள். "ஒண்ணு இருக்கு. நீங்க செய்வீங்களான்னுதான் தெரியல்ல."

"எனக்க வீட்டுக்காரருக்க ஈரலுக்காவ நான் எதையும் செய்வேன். சொல்லு."

"தேங்காச் சிரட்டையில பீர் ஊத்தி, மண்ணு மட்டத்துக்கு நெரப்பாப் பதிச்சு வையுங்க. மணம் புடிச்சு வந்து உள்ள விழும். பெரிசு விழாட்டாலும் குட்டியெல்லாம் செத்துரும். செடிக்கும் கேடில்ல, மனுசனுக்கும் கேடில்ல."

ரீத்தா போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தாள். "மோரு ஊத்தினா ஆகாதா?"

"ஆகாதுக்கா."

அன்று பகல் முழுக்க அவள் யோசித்தாள். ததேயுசிடம் சொல்ல முடியாது. மூன்று வருடமாக இந்த வீட்டில் அந்த வார்த்தைகூட வந்ததில்லை. டிவியில் யாராவது குப்பியைத் தூக்கினாலே அவள் எழுந்து அணைத்துவிடுவாள். இப்போது அவர் கண்ணுக்கு முன்னாலேயே அதைக் கொண்டுவந்து வைப்பதா? ஆனால் இன்னும் ஒரு வாரம் போனால் தோட்டம் இருக்காது. பிறகு சந்தைக் காய்தான். மருந்தில் குளித்து வருகிற காய்.

சாயங்காலம் முக்கிலிருந்த ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். மூன்று வருடங்களுக்கு முன்னால் ததேயுசை மறுவாழ்வு மையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது ஆபேலின் ஆட்டோதான். நம்பிக்கையான ஆள்.

"ஆபேலு, ஒரு காரியம். யாருட்டயும் சொல்லப்பிடாது."

"சொல்லுங்கக்கா."

"ஒரு குப்பி பீரு வாங்கிட்டு வரணும்."

ஆபேல் எஞ்சினை அணைத்தான். அது முதலிலேயே ஓடவில்லை.

"எனக்க கிட்ட சோதனை போடுதீங்களாக்கா? சத்தியமா ஈஸ்டர் கழிஞ்ச பொறவு நான் தொடல்ல."

"ஒனக்கு சோதனை இல்லடே. எனக்குதான் வேணும்."

ஆபேலின் முகம் போன போக்கைப் பார்த்து ரீத்தா அவசரமாகத் திருத்தினாள். "எனக்குன்னா எனக்கு இல்ல. நத்தைக்கு."

"நத்தைக்கு," என்றான் ஆபேல். காய்ச்சல் கண்டவர்கள் பிதற்றும்போது பக்கத்தில் இருப்பவர்கள் திருப்பிச் சொல்வார்களே, அதே குரலில்.

மறுநாள் மத்தியானம், மரச்சீனிக் கிழங்கு நிறைந்த ஒரு பைக்குள் குப்பி வந்தது. மூடிக்குப் பதில் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தது.

"மூடிய நானே தொறந்துட்டேன். ஒங்க வீட்டுல அதத் தொறக்கியதுக்கு சாமானம் இருக்காதுல்லா," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவைத் திருப்பினான்.

ரீத்தா அதை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். சாயங்காலம், ததேயுஸ் குளிக்கப்போன நேரத்தில், ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது பிராந்தி நாற்றம் மட்டும்தான். பீர் நாற்றத்தையும் தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை. பப்பாளி மரத்துக்குப் பின்னால் குனிந்து ஆறு சிரட்டைகளிலும் ஊற்றினாள். லேசாக நுரை வந்தது. சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

ஆறு சிரட்டைகளும் காலி. ஒரு சொட்டு இல்லை. ஒரு நத்தை இல்லை. விளிம்பில் எறும்புகள் மட்டும் வரிசை போட்டிருந்தன. எறும்புக்குமா இந்தப் பழக்கம் என்று ரீத்தாவுக்குத் தோன்றியது. இரண்டடி தள்ளிப் பயற்றங்கொடியில் நத்தைகள் காலைச் சாப்பாட்டில் இருந்தன.

"கொறச்சு ஊத்தியிருப்பீங்க. தெனமும் வையுங்க அக்கா, பழகி வரும்," என்றாள் பெபிஷா.

இரண்டாவது குப்பி. காலையில் சிரட்டை காலி. மூன்றாவது குப்பி. காலி.

"இன்னும் வேணுமாக்கா?" என்றான் ஆபேல் நான்காம் நாள். அவன் குரலில் ஓர் அழுகை இருந்தது.

"வேணும்டே. எங்க போவுதுன்னு தெரியல்ல."

நான்காவது குப்பியும் காலியான அன்றுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்ததும் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நத்தை குடித்திருந்தால் உள்ளே செத்துக் கிடந்திருக்கும். எறும்பு இத்தனை குடிக்காது. நாய் வளர்க்கவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. வழக்கமாக ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவர் இப்போதெல்லாம் நாலரைக்கே எழுந்து பின்பக்கம் போகிறார். கேட்டால், "காத்து வாங்கப் போனேன்," என்கிறார். அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. முந்தாநாள் சோறு போடும்போது அவள் முகத்தையே ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒனக்கு மனசுல எதாவது வெசனம் உண்டா ரீத்தா?" என்று கேட்டார். பழைய காலத்தில், குடித்துவிட்டு வரும் நாட்களில்தான் அவர் இப்படிப் பாசமாகக் கேட்பார்.

தலைவி என்று மேடையில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னாளே. கடைசியில் தன் கையாலேயே, சிரட்டையில் ஊற்றி, அவர் வாய்க்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டாள். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அவள் அவர் வாயை மோந்து பார்த்ததில்லை. அதுதான் அவள் அவருக்குக் கொடுத்த மரியாதை. இப்போதும் மோந்து பார்க்க மனம் வரவில்லை. வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது குப்பியில் நிலவேம்புப் பொடியைக் கலக்கினாள். குடித்தவன் முகம் காலைவரை கோணித்தான் இருக்கும். ததேயுஸ் காலையில் நேரான முகத்தோடு வந்து இரண்டு தட்டு புட்டு சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஆறாவது குப்பி. அதில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கால் டப்பா கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ததேயுஸ் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். வலது கையை வேட்டிக்குள் மறைத்திருந்தார்.

"கையக் காட்டுங்க," என்றாள் ரீத்தா.

"எதுக்கு?"

"காட்டுங்க."

காட்டினார். மணிக்கட்டு வரைக்கும் நீலம்.

அவள் அடுப்பை அணைத்தாள். "வாயத் தொறங்க."

"ஏட்டி, என்ன இது..."

"ஊதுங்க."

ததேயுஸ் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் மறப்பதற்கு வெகுநாள் ஆகும். பிறகு, மறுவாழ்வு மையத்தில் ஊதியதுபோல, ஒழுங்காக ஊதினார்.

பல் தேய்த்த உமிக்கரி வாசனை.

"இன்னொருக்க."

உமிக்கரிதான். வேறொன்றும் இல்லை. நாக்கிலும் உதட்டிலும் நீலம் இல்லை.

அந்த நேரத்தில் முன்வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டது. முதல் பூசை முடிந்து, இசபெல்லும் மதுவிலக்குக் குழுப் பெண்கள் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். முகங்கள் மரண வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தன. இசபெல் நேராக வந்து ரீத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. நாங்க இருக்கோம்."

"எதுக்கு?" என்றாள் ரீத்தா.

இசபெல் பையிலிருந்து ஒரு சிறு பிரசுரத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். 'குடியிலிருந்து விடுதலை: பத்துப் படிகள்.' எழுதியவர்: ரீத்தா ததேயுஸ்.

"மொத படி ஒத்துக்கிடுததாக்கும்," என்றாள் இசபெல். "நீயே எழுதினதுதான்."

"நான் என்னத்தட்டி ஒத்துக்கிடணும்?"

நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் ததேயுசைப் பார்த்தார்கள். அவர் நீலக் கையை மறுபடி வேட்டிக்குள் ஒளித்தார்.

"நான்தான் சொன்னேன் ரீத்தா," என்றார். "எனக்கு வேற யாருட்ட சொல்லணும்னு தெரியல்ல. நீதானே தலைவி. ஒன்னப் பத்தி ஒனக்கிட்டயேவா வந்து சொல்ல முடியும்?"

"என்ன சொன்னீங்க?"

"நீ குடிக்கியேன்னு."

அடுக்களையில் பால் பொங்கியிருந்தால்கூட அந்த நேரத்தில் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ததேயுஸ் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாள் சாயங்காலம், குளிக்கப் போனவர் சோப்பு எடுக்கத் திரும்பி வந்தபோது, பப்பாளி மரத்துக்குப் பின்னால் அவள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பீர் குப்பியோடு குனிந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்.

"எனக்கு வச்ச சோதனைன்னுதான் மொதல்ல நெனச்சேன். மூணு வருசம் கழிஞ்சும் நம்பல்லியான்னு வெசனமா இருந்து. செரி, கண்ணுல படப்பிடாதுன்னு காலையில போயி எல்லாத்தையும் தென்னமரத்து மூட்டுல கவுத்துட்டேன். மறுநாளும் வந்து. அடுத்த நாளும் வந்து. தெனம் ஒரு குப்பி யாராவது சோதனைக்கு வாங்குவாளா? ராத்திரிக்கு எடுத்துக் குடிக்கத்தான் நீ ஊத்தி வைக்கியேன்னு முடிவு பண்ணிட்டேன்."

"சிரட்டையிலயா? மண்ணுல பதிச்சா?"

"குடிச்ச காலத்துல நான் சோத்துப் பானையில ஒளிச்சு வச்சிருக்கேன். நீ சிரட்டையில வைக்கப்பிடாதா?"

"அப்பம் கையில நீலம்?"

"கவுத்தும்போ பட்டது. இருட்டுல எனக்குத் தெரியல்ல."

ரீத்தாவின் குரல் இறங்கிவிட்டது. "ஆறு நாளும் நீங்கதான் எடுத்தீங்க. தனியா நின்னீங்க. ஒரு தடவ கூட..."

"கடலுக்குள்ள முங்குத மாதிரி மூச்சப் புடிச்சுக்கிடுவேன்," என்றார் ததேயுஸ். "ஆறு சிரட்டையும் கவுத்துட்டு, வாசலுக்கு வந்த பொறவுதான் மூச்சு விடுவேன். மணம் மூக்குல ஏறுனா என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது."

ரீத்தா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து இசபெல் மறுபடி கட்டிப்பிடிக்க வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

"நத்தைக்கு வச்சதுங்க," என்றாள். "நத்தைக்கு!"

குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படிச் சிரிப்பதும் ஓர் அறிகுறி என்று நான்காவது படியில் இருந்தது.

வேறு வழியில்லாமல் ரீத்தா பெபிஷாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றது போன். "நத்தைக்குத்தான். ஏன்? விழல்லியா?"

ரீத்தா அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்திருந்த காலிக் குப்பிகளை எடுத்துக் காட்டினாள். இசபெல் அவற்றில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, செத்த எலியை வைப்பதுபோலத் திரும்ப வைத்தாள். பிறகு அந்தப் பிரசுரத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எல்லாம் நல்லதுக்குத்தான்," என்றாள். போகும்போது வாசலில், "நானும் அந்தக் குருணைய இனிப் போடல்ல பாத்துக்கோ. கோழி ரெண்டு செத்துப்போச்சு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போனபிறகு ததேயுஸ் கிணற்றடியில் கையைத் தேய்த்துக் கழுவினார். நீலம் போகவில்லை.

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா," என்றார்.

"அந்தச் சொல்லே இந்த வீட்டுல வரப்பிடாதுன்னு நெனச்சேன்."

"சொல்லக் கேட்டா குடிச்சிருவேனா?"

ரீத்தா தொட்டியிலிருந்து இன்னொரு கோப்பைத் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினாள். "நத்தையத் தொட எனக்கு அருவருப்பு. அதுக்காவத்தான் எல்லாம்."

"இவ்வளவுதானா?" என்றார் ததேயுஸ். "முப்பது வருசம் கணவாய்க்கும் ஜெல்லி மீனுக்கும் நடுவுல கெடந்தவன்ட்ட நத்தையாக்கும் பெரிசு! சாக்கு எங்க இருக்கு?"

அன்று சாயங்காலமே நான்கு சாக்குகளை நனைத்து விரித்து, அடியில் பப்பாளி இலையை வைத்தார். காலையில் தூக்கிப் பார்த்தால் ஒரு கூட்டமே அங்கே இருந்தது. சாளை மீன் பொறுக்குவதுபோல் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். ரீத்தா வாசல்படியில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தா, அந்த வாழைக்க மூட்டுல ஒண்ணு," என்று வழி காட்டினாள். மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. இத்தனை நாளும் அவள் காவல் காத்தாள், அவர் காக்கப்பட்டார்.

ஒரு வாரத்தில் வாளியில் விழும் நத்தை குறைந்தது. பயற்றங்கொடியில் புதுத் துளிர் வந்தது. தலைபோன வெண்டைகளில் நான்கு, பக்கத்தில் கிளைத்துக்கொண்டன. ததேயுசின் கையில் நீலம் நகக்கண்ணில் மட்டும் மிச்சம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆபேலின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அவன் இறங்காமலே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரீத்தா ஒரு பை நிறையப் பயற்றங்காயோடு வெளியே வந்தாள்.

"இது ஒனக்காக்கும். விஷம் தொடாத காய்."

"அக்கா, ஊர்ல என்னெல்லாமோ சொல்லுதாவ..."

"சொல்லட்டும்டே! எனக்க மாப்பிளைக்க தைரியத்தப் பத்திதானே? ஆறு நாள், கைக்கு எட்டுன பீர எடுத்துக் கவுத்திருக்காரு. ஒரு சொட்டு நாக்குல படல்ல. பாதர் நாளைக்கு பிரசங்கத்துல இதச் சொல்லப் போறாரு. குடிய விட நெனைக்கியவனுக்கு இதவிட சாட்சி வேணுமான்னு கேட்டாரு."

ஆபேல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பின்பக்கத்தில் ததேயுஸ் மாதா பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டே சாக்கு நனைத்துக்கொண்டிருந்தார். ஆபேல் சட்டைப் பையில் கைவிட்டு, அவள் ஆறு நாளும் கொடுத்த ரூபாய்த் தாள்களை மடித்தது மடித்தபடி எடுத்து அவள் கையில் திணித்தான்.

"என்னடே இது?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ததேயு அண்ணன் இருக்கிய வீட்டுக்கு நான் பீரு கொண்டு வருவேனாக்கா? ஆறு குப்பியிலயும் இருந்தது எனக்க வீட்டுல போட்ட, பாலில்லாத கட்டன்சாயா."